எந்தக் கோயில் பக்கம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் எங்கள் சித்தியைக் குளவி கொட்டிவிட்டது. மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது கூடு கலைந்து ஐந்தாறு பேருக்குக் கொட்டு. மற்றவர்கள் சமாளித்துவிட்டார்கள். சித்திக்கு முகம் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. கம்பளியில் சுற்றி லயத்துக்கு, அதாவது எங்கள் வரிசை வீடுகளுக்கு, தூக்கி வந்ததும் தம்பி அம்புலன்சுக்கு அழைத்தான்.

“எந்த இடம்?” என்று கேட்டார்கள். தோட்டத்தின் பெயரைச் சொன்னான். “தோட்டத்தில் எங்கே?” “கோயில் பக்கம்.”

எங்கள் தோட்டத்தில் நான்கு டிவிஷன். நான்கிலும் மாரியம்மன் கோயில் இருக்கிறது. போதாததற்குத் தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர், நாங்கள் சொல்வது ஒரு பெயர், பஸ் கண்டக்டர் கத்துவது இன்னொரு பெயர். வண்டி பள்ளத்துக்கு அந்தப் பக்கத்து டிவிஷனில் போய் நின்றது. எங்கள் லயத்து வாசலில் நின்று பார்த்தால் அதன் விளக்கு சுற்றுவது தெரிகிறது. கத்தினால் கேட்காது, ரோட்டால் சுற்றி வந்தால் அரை மணி நேரம். கடைசியில் தம்பி த்ரீவீலில் இறங்கிப்போய், டர்பன்டைன் மரத்து முடக்கில் மறித்து நின்று வண்டியைக் கூட்டி வந்தான்.

சித்தி பிழைத்துவிட்டார். அதனால்தான் இதைக் கோபமில்லாமல் எழுத முடிகிறது. வந்தவர்கள் மேலும் குறை இல்லை. விலாசமே இல்லாத இடத்தை யார்தான் கண்டுபிடிப்பது? லயத்து வீடுகளுக்குக் கடிதம் வந்தால் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து 2023இல் ‘மலையகம் 200’ என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் கேட்டது காணியும் வீடும். வீட்டுக்கு ஒரு நம்பர் என்பது அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

இதில் எனக்குப் பொறுக்காத விஷயம், தம்பியின் சட்டைப்பையில் இருந்த போனுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும் என்பதுதான். அவனுக்குத்தான் அதைக் கேட்டு வாங்கத் தெரியவில்லை. எனக்கும் அன்று தெரியாது. படித்த பிள்ளை என்று வீட்டில் பெயர் வேறு!

பிறகு தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஜி.பி.எஸ். வேலை செய்ய போன் சிக்னல் தேவையில்லை, டேட்டாவும் தேவையில்லை. சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செய்மதிகளில் குறைந்தது நான்கு போனின் கண்ணில் பட்டால் போதும், நாம் நிற்கும் இடத்தைச் சில மீட்டருக்குள் சொல்லிவிடும். ஆனால் தகரக் கூரைக்குள்ளிருந்து பார்த்தால் தப்பாகக் காட்டலாம். இரண்டு பக்கமும் மலை எழும்பி நிற்கிற பள்ளத்திலும் வானம் பாதிதான் தெரியும். காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பிரட்டுக்களம் மாதிரி திறந்த இடத்துக்கு வந்து ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும்.

அதை விட்டுவிட்டு சிக்னல் கோபுரத்தை வைத்து மட்டும் இடம் பார்த்தால் நம் ஊரில் கதை கந்தல். கொழும்பில் கோபுரங்கள் நெருக்கமாக இருப்பதால் ஓரளவு கிட்ட வரும். இங்கே நம் போன் பள்ளத்தைத் தாண்டி எதிர் மலைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். கிலோமீட்டர் கணக்கில் விலகிப்போகும்.

கூகுள் மேப்பில் நாம் நிற்கும் நீலப் புள்ளியின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் அகலாங்கு, நெட்டாங்கு என்று இரண்டு எண்கள் வருகின்றன. நம் பக்கத்தில் முதல் எண் 6 அல்லது 7இல் தொடங்கும், இரண்டாவது 80 அல்லது 81இல் தொடங்கும். வேறு மாதிரி வந்தால் தப்பு. புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கம் சொன்னாலே பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் வந்துவிடும், அதாவது எங்கள் லயத்தின் மூன்று காம்பிராவுக்குள் (அறைக்குள்). நம் பகுதி மேப்பை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் டேட்டா இல்லாதபோதும் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் லொக்கேஷன் அனுப்ப டேட்டா வேண்டும். ஒரு கோடு சிக்னல்தான் இருக்கிறதென்றால் அந்த எண்களை எஸ்.எம்.எஸ்ஸில் அனுப்பிவிடுவது நல்லது. அழைப்பு எடுபடாத இடத்திலும் அது பல நேரம் போய்ச் சேருகிறது.

உண்மையில் மூச்சு வாங்கும் ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இவ்வளவும் செய்யச் சொல்வது அநியாயம். அவசர எண்ணுக்கு அழைத்ததும் போன் தானாகவே ஜி.பி.எஸ்ஸைப் போட்டு, இடத்தை எடுத்து, அழைப்பு மையத்துக்கு அனுப்பிவிடும் முறை ஒன்று இருக்கிறது. 2014இல் பிரித்தானியாவில் தொடங்கியது. 2016இலிருந்து அண்ட்ரொய்ட் போன்களிலும், 2018இலிருந்து ஐபோனிலும் அதற்கான வசதி இருக்கிறது. கருவி நம் கையில் இருக்கிறது, அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு மறுமுனையில் வேண்டும். எங்கள் அழைப்பில் அப்படி எதுவும் நடக்கவில்லை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இதைப் பற்றி மக்களுக்கு ஒரு வார்த்தை சொன்னால் நல்லது, தமிழிலும் சொன்னால் இன்னும் நல்லது.

போன் மட்டும் எல்லாவற்றுக்கும் போதாது என்பதும் தெரியும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது பல இடங்களில் சிக்னலும் இல்லை, கரண்டும் இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது உள்ளே எத்தனை பேர் என்றே நாட்கணக்கில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் எந்த லயம் எந்த மேப் எண்களில் இருக்கிறது, அதில் யார் யார் இருக்கிறார்கள் என்பது கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு கொப்பியும் ஒரு போனும் இருந்தால் ஒரு டிவிஷனை ஒரே நாளில் முடித்துவிடலாம்.

இன்னொன்று. கொழும்பில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் இரவு பஸ்ஸில் வரும்போது அம்மாவுக்கு எட்டு மணி நேரத்துக்கு லைவ் லொக்கேஷன் போட்டு வைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அதையே சாக்காக வைத்து, தங்கச்சி எங்கே நிற்கிறாள் என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும் அண்ணன்மாரையும் எனக்குத் தெரியும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அணைத்துவிடும் உரிமை அவளுக்கு இருக்க வேண்டும்.

சரி, எங்கள் லயத்தில் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். குழாயடிச் சுவரில் மிஞ்சிப்போன நீலப் பெயின்டால் அந்த இரண்டு எண்களையும் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம். சின்னப் பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்கள். கடைசி வீட்டு ஆயா மட்டும், “என்ன பிள்ளை, லொத்தர் நம்பரா?” என்று கேட்டுவிட்டு, அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி வாங்கிப் போய்ச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியை,
மஸ்கெலியா.