‘பிழைப்பு தேடி’ப் போனவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

தங்கள் இதழ் ரங்கூனில் கடையில் கிடைக்காது. யாராவது சென்னைக்குப் போய் வரும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தால்தான் உண்டு. அப்படி வந்த இதழில் மியான்மர் கட்டுரையைப் படித்தேன். இங்கே மிசோரம் எல்லையை ஒட்டிய சின் மாநிலத்துக் கிறிஸ்தவப் போதகர்கள் பலர் “பிழைப்பு தேடி மிசோரமுக்குப் போய்விட்டார்கள்” என்று ஒரு வரி. கட்டுரையாளர் எல்லையில் ஓடும் தியாவ் ஆற்றங்கரையில் நின்று படம் வேறு எடுத்திருக்கிறார். அங்கே அவர்கள் கூலி வேலை செய்வதைப் பார்த்து அப்படி முடிவு கட்டினார் போலும். போன இடத்தில் சாப்பிட வேண்டாமா, ஐயா?

எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடியில் ஒரு சின் போதகர் குடியிருந்தார். நான் அங்காளம்மனுக்குத் தீ மிதிக்கிறவன், அவர் பாப்டிஸ்ட். ஆனாலும் என் பேத்திக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். நாங்களும் அவரை ‘சயா’ (பர்மியத்தில் ஆசிரியர்) என்றுதான் கூப்பிடுவோம். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் சபைப் பிள்ளைகளோடு ஊர்வலம் போனார். சுடப்பட்டுச் செத்த ஒரு பையனின் அடக்கத்தில் ஜெபம் பண்ணினார். அவ்வளவுதான் குற்றம். அதற்குத் தண்டனைச் சட்டத்தில் 505-ஏ என்று புதிதாக ஒரு பிரிவே போட்டு வைத்திருந்தார்கள்.

மார்ச்சில் ஒரு ராத்திரி எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து, சபையார் பெயர்ப் பதிவேட்டைத் தாள் தாளாகக் கிழித்துக் கரி அடுப்பில் போட்டார். அந்த நேரத்துப் புகைக்கு ஒரு காரணம் வேண்டுமே என்று என் வீட்டுக்காரி பக்கத்தில் கருவாடு சுட்டுக்கொண்டிருந்தாள். விடிவதற்குள் கிளம்பிவிட்டார். பிழைப்பு தேடுகிறவனா இப்படிப் போவான்?

போகாமல் இருந்தவர்கள் கதி தங்களுக்குத் தெரியாததல்ல. சின் மாநிலத்துத் தந்த்லாங் ஊரில் 2021 செப்டம்பர் 18 அன்று, ராணுவம் சுட்டதில் பற்றி எரிந்த வீட்டை அணைக்கப் போன சுங் பியாக் ஹும் என்ற போதகரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 31. மோதிர விரலையும் வெட்டி எடுத்துப் போனார்கள். வடக்கே கச்சின் மாநிலத்தில் பாப்டிஸ்ட் சபைகளின் தலைவராக இருந்த கலம் சாம்சனை 2022 டிசம்பரில் மண்டலே விமான நிலையத்தில் பிடித்து ஆறு வருஷம் தண்டனை கொடுத்தார்கள். 2024 ஏப்ரலில் பொதுமன்னிப்பு என்று வீட்டுக்கு அனுப்பி, அன்று ராத்திரியே திரும்பக் கூட்டிப் போனார்கள். ஜூலையில்தான் மறுபடி விட்டார்கள்.

பர்மா தமிழர்களான எங்களையும் இப்படித்தானே எழுதினீர்கள்? 1964இல் நே வின்னின் ராணுவ அரசு கடைகளைப் பறித்தது. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றது. கப்பல் ஏறப் போன என் அத்தையைத் தாலியைக் கழற்றச் சொன்னார்கள். மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு ஏறினாள். எனக்கு அப்போது ஆறு வயது, பக்கத்தில் நின்று பார்த்தேன். அவள் இங்கே பர்மாவில், பெகுவில் பிறந்தவள், மதராஸைக் கண்ணால் பார்த்தது கிடையாது. இறங்கியதும் அவளுக்குக் கிடைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. கிளம்பவே இல்லாதவள் எப்படித் திரும்பினாள் என்று இன்றுவரை ஒரு பத்திரிகையும் கேட்கவில்லை. பர்மா பஜாரில் என்ன மலிவு என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும். 1966இல் வெளிநாட்டுப் பாதிரிமாரை வெளியேற்றியபோதும் எங்கள் ஊரில் ‘ஊருக்குப் போய்விட்டார்கள்’ என்றுதான் சொல்லிக்கொண்டோம். அதில் எங்கள் பங்கும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

சரி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ‘பிழைப்பு தேடி’ என்பதை ‘உயிர் தப்பி’ என்று திருத்திப் போடுங்கள். ஏதாவது ஒரு மூலையில், பொடி எழுத்தில் போட்டாலும் போதும். அப்புறம், என் பெயரையும் தெருவையும் தயவுசெய்து போட வேண்டாம். இந்தக் கடிதமும் ஒருவர் பெட்டியில்தான் வருகிறது.

சயாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தாங்கள் எழுதியதை நான் அவருக்குச் சொல்லவும் போவதில்லை.

இப்படிக்கு,
பெயர் வேண்டாத வாசகன்,
ரங்கூன்.