ஜென்டில் ஜெயன்ட் குழுவைக் கொன்றது பங்க் இசை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எழுபதுகளின் பிரிட்டிஷ் ராக் இசை பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். பிங்க் ஃபிளாய்ட், யெஸ், ஜெனிசிஸ், கிங் கிரிம்ஸன் என்று பெரிய குழுக்களுக்குப் பத்தி பத்தியாக இடம் கொடுத்திருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் கடைசிப் பத்தியில் இருந்த ஒரு வரி அன்று இரவு என்னைத் தூங்க விடவில்லை. அதே காலத்து பிரிட்டிஷ் ராக் குழுவான ஜென்டில் ஜெயன்ட்டைப் பெயர் சொல்லி, தாளக் கணக்கு மட்டும் உண்டு, உணர்ச்சி கிடையாது என்று எழுதிவிட்டீர்கள். எழுபதுகளின் பிற்பகுதியில் பங்க் என்ற எளிமையான, ஆவேசமான ராக் இசை வந்ததும் அது இவர்களை அடித்துக்கொண்டு போய்விட்டது என்றும் சேர்த்துவிட்டீர்கள். இரண்டும் தவறு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் இங்கிலாந்தின் துறைமுக ஊரான போர்ட்ஸ்மத்தில் முப்பது வருஷத்துக்கு மேலாக இருக்கிறேன். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். சின்ன வயதில் ஆறு வருஷம் மிருதங்கம் படித்தேன், அரங்கேற்றம் வரை போகவில்லை. தாளம் மட்டும் கையை விட்டுப் போகவில்லை. 1991-இல் இங்கே சவுத்சீ பகுதியில் ஆல்பர்ட் சாலையில் ஒரு பழைய சாமான் கடையில் இரண்டு பவுண்டுக்கு ஓர் இசைத்தட்டு வாங்கினேன். அட்டையில் ரோஜர் டீன் என்ற ஓவியர் வரைந்த எண்காலி. தட்டின் பெயரும் 'ஆக்டபஸ்'. யாருடையது என்றெல்லாம் தெரியாது, படம் பிடித்திருந்தது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் இரண்டாம் பக்கத்தைத் தப்பாக முதலில் போட்டுவிட்டேன். யாரோ சிரிக்கிறார்கள். அப்புறம் மேசைமேல் ஒரு நாணயத்தைச் சுழற்றிவிடுகிற சத்தம். அது சுழன்று சுழன்று வேகம் குறைந்து படபடவென்று விழுகிற நேரத்தில் வாத்தியம் எல்லாம் ஒரே எடுப்பில் உள்ளே வந்தது. அன்று ராத்திரி என் கை சமையலறை மேசையை விட்டு எழவில்லை.

அந்தத் தட்டை வாசித்த ஜென்டில் ஜெயன்ட் குழுவினர் இந்த ஊர்க்காரர்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஃபில், டெரெக், ரே என்று மூன்று ஷுல்மன் சகோதரர்கள். மூத்தவர்கள் இரண்டு பேரும் கிளாஸ்கோவில் பிறந்தவர்கள், கடைசித் தம்பி ரே மட்டும் 1949-இல் போர்ட்ஸ்மத்தில் பிறந்தவர். அப்பா ஜாஸ் வாசித்தவர். வீடு முழுக்க வாத்தியங்கள் கிடந்ததால் பிள்ளைகள் கைக்குக் கிடைத்ததை எடுத்து வாசித்தே வளர்ந்தார்கள். அறுபதுகளில் சைமன் டுப்ரீ அண்ட் த பிக் சவுண்ட் என்ற பெயரில் பாடினார்கள். 1967-இல் 'கைட்ஸ்' என்ற பாட்டு பிரிட்டிஷ் தரவரிசையில் 9-ஆம் இடம் வரை போனது. அதே காலத்தில் ஸ்காட்லாந்து சுற்றுப்பயணம் ஒன்றில் அவர்களுக்குக் கீபோர்டு வாசிக்க வந்த பையன் ரெஜ் டுவைட். பின்னாளில் எல்டன் ஜான் என்ற புகழ்பெற்ற பாடகர் ஆனவர் அவர்தான்.

ஆசிரியரே, இந்த இடத்தில்தான் அவர்கள் கதை எனக்கு முக்கியமாகப்படுகிறது. கையில் வெற்றிப் பாட்டு இருக்கிறது, தொலைக்காட்சியில் முகம் தெரிகிறது. ஆனால் அந்தப் பாட்டு அவர்களுக்கே பிடிக்கவில்லை. அடுத்தவர் எழுதிக் கொடுத்ததைப் பாடிக்கொண்டே காலம் தள்ள மனசு வராமல், குழுவையே கலைத்துவிட்டு 1970-இல் பூஜ்யத்திலிருந்து தொடங்கினார்கள். பணத்துக்கும் பேருக்கும் ஆசைப்பட்டவன் அதைச் செய்ய மாட்டான்.

புதுக் குழுவில் கெர்ரி மினியர் சேர்ந்தார். லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் இசையமைப்பு படித்து வந்தவர். கேரி கிரீன் என்ற கிதார்க்காரர் ப்ளூஸ் வாசித்துப் பழகியவர். மெத்தப் படித்தவர் ஒருவர், காதால் கற்றவர் ஒருவர், நடுவில் மூன்று அண்ணன் தம்பிகள். 1971-இல் வந்த இரண்டாவது தட்டின் உள்ளட்டையிலேயே, நாங்கள் யாருக்கும் பிடிக்காமல் போனாலும் பரவாயில்லை, வெகுஜன இசையின் எல்லையைத் தள்ளிப் பார்க்கப் போகிறோம் என்ற பொருளில் அச்சிட்டிருந்தார்கள். பத்து வருஷத்தில் மொத்தம் 11 ஸ்டூடியோத் தட்டுகள்.

கணக்கு விஷயத்துக்கு வருகிறேன். கணக்கு இருக்கிறது, மறுக்கவில்லை. 'ஆக்டபஸ்' தட்டில் 'நாட்ஸ்' என்று ஒரு பாட்டு உண்டு. நாலு குரல்கள். ஒருவர் பாதியில் விட்ட சொல்லை அடுத்தவர் பிடிப்பார், அவர் விடும் இடத்தில் மூன்றாமவர் நுழைவார். தனித்தனியாகக் கேட்டால் துண்டு துண்டாக இருக்கும், சேர்த்துக் கேட்டால் ஒரே வாக்கியம். மனிதர்கள் ஒருவரை ஒருவர் தப்பாகப் புரிந்துகொண்டு சிக்கிக்கொள்வதுதான் அந்தப் பாட்டின் விஷயம். ஸ்காட்லாந்து மனநல மருத்துவர் ஆர். டி. லெய்ங் எழுதிய ஒரு புத்தகத்திலிருந்து பிறந்தது. சொல்ல வந்தது சிக்கலைப் பற்றி, எனவே குரல்களையும் சிக்கவைத்தார்கள். கணக்கை வேண்டுமென்று கொண்டுவந்து ஒட்டவில்லை.

எங்கள் வாத்தியார் ஒன்று சொல்வார்: கோர்வை, அதாவது கணக்குப் போட்டு வாசித்து முடிக்கிற தாளக் கோவை, எவ்வளவு பெரிதாக இருந்தாலும், கேட்கிறவன் தலை தானாக ஆடினால்தான் அது கணக்கு, விரல் விட்டு எண்ண ஆரம்பித்தால் அது பரீட்சை. ஜான் வெதர்ஸ் டிரம்ஸ் வாசிக்கக் கேட்டபோது வாத்தியார் சொன்னதுதான் ஞாபகம் வந்தது. வெதர்ஸ் வேல்ஸ்காரர். முந்தைய டிரம்மர் மால்கம் மார்டிமோர் 1972-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டபின் வந்து சேர்ந்தவர். மற்ற நாலு பேரும் ஆளுக்கொரு நடையில் போய்க்கொண்டிருக்க, இவர் நடுவில் சாதாரண ராக் அடி ஒன்றைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பார். அந்த அடி இருப்பதால்தான் நாம் தொலைந்துபோவதில்லை.

உணர்ச்சி இல்லை என்று எழுதியவர் அதே தட்டின் இரண்டாம் பக்கத்தில் இருக்கும் 'திங்க் ஆஃப் மி வித் கைண்ட்னெஸ்' பாட்டைக் கேட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். மினியர் பாடுவது. மெல்லிய குரல், மேடைச் சத்தத்தில் எடுபடாது என்பதால் ஸ்டூடியோவில் அவர் பாடியதை எல்லாம் மேடையில் மற்றவர்கள்தான் பாடுவார்கள். பியானோவோடு தொடங்கும், நடுவில் பித்தளை வாத்தியம் ஒன்று சொல்லாமல் விட்டதை எல்லாம் சொல்லிவிட்டுப் போகும். மூன்றரை நிமிஷம். என் அப்பா இறந்த வாரம் என்னால் ஊருக்குப் போக முடியவில்லை. விசா விஷயம், அது இங்கே வேண்டாம். கடைசிப் பேருந்தை டிப்போவில் விட்டுவிட்டு வந்து, அந்த வாரம் முழுக்க இந்த ஒரு பாட்டைத்தான் சத்தம் குறைத்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒப்பாரி எப்படி அழவைக்குமோ அப்படி அழவைத்தது. கணக்கு இதைச் செய்யாது.

சரி, பங்க் விஷயம்.

அவர்களுக்கு முதல் அடி பங்க் பிறப்பதற்கு வெகு முன்னாலேயே விழுந்துவிட்டது. 1972-இல் அமெரிக்காவில் பிளாக் சபாத் என்ற ராக் குழு மேடையேறும் முன் வாசிக்க அனுப்பினார்கள். கனமான கிதாருக்காகக் காத்திருக்கும் கூட்டத்தின் முன்னால் ரெக்கார்டர் குழலும் செல்லோவும் வயலினுமாகப் போய் நின்றால் என்ன ஆகும்? ஹாலிவுட் பவுல் அரங்கில் மேடைமேல் பட்டாசு எறிந்தார்கள். அடுத்த வருஷத் தொடக்கத்தில் மூத்தவர் ஃபில் விலகினார். தம்பிகளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர், குடும்பஸ்தர், ஊர் ஊராக அலையும் வாழ்க்கை ஒத்துவரவில்லை. பிறகு ஆசிரியராகவும் வேறு வேலைகளிலும் இருந்தார், எங்கள் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் கோஸ்போர்ட்டில் பரிசுப் பொருள் கடை நடத்தினார். படகில் போனால் சில நிமிஷம்தான்.

அண்ணன் போனபின் குழு அதோடு முடிந்தது என்று பலரும் நினைத்திருப்பார்கள். அவர்கள் செய்ததோ 1973-இன் 'இன் எ கிளாஸ் ஹவுஸ்'. தட்டு தொடங்குவதே கண்ணாடி உடையும் சத்தத்தில்தான். முதல்முறை நான் போட்டபோது, என்ன உடைந்தது என்று என் மனைவி பதறிக்கொண்டு ஓடி வந்தார். மறுபடி மறுபடி உடைகிறது, அப்படி உடைவதே மெல்ல மெல்லத் தாளமாகிவிடுகிறது, அதன்மேல் வாத்தியங்கள் வந்து உட்காருகின்றன. கணினி இல்லாத காலத்தில் ஒலிநாடாவை வெட்டி ஒட்டிச் செய்த வேலை. இந்தத் தட்டை அவர்களுடைய அமெரிக்க நிறுவனம் வெளியிட மறுத்துவிட்டது, விற்காது என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் அமெரிக்க ரசிகர்கள் இறக்குமதிப் பிரதியாகத் தேடித் தேடி வாங்கினார்கள். ஜனங்களுக்குப் புரியாது என்று ஜனங்களைக் கேட்காமலே முடிவு செய்தவர்கள் யார் என்பதைக் கட்டுரையாளர் யோசிக்க வேண்டும்.

1974-இல் 'த பவர் அண்ட் த குளோரி' வந்தது. நல்லது செய்யப் பதவிக்கு வருகிறவன் பதவியாலேயே கெட்டுப்போகிற கதை. 1975-இன் 'ஃப்ரீ ஹேண்ட்' அமெரிக்கத் தரவரிசையில் முதல் ஐம்பதுக்குள் போனது, அதுதான் அவர்கள் எட்டிய உச்சம். பிரிட்டனைவிட இத்தாலியிலும் கனடாவிலும் அவர்களுக்குக் கூட்டம் அதிகம். 1976-இல் ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தில் பதிவு செய்த 'பிளேயிங் த ஃபூல்' மேடைத் தட்டைக் கேளுங்கள். ஒரு கட்டத்தில் ஐந்து பேரும் மற்றதை எல்லாம் போட்டுவிட்டுத் தாள வாத்தியங்களைப் பிடித்துக்கொள்வார்கள். ஐந்து பேர் சேர்ந்து வாசிக்கிற தனி ஆவர்த்தனம் என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. கூட்டம் போடுகிற சத்தமும் அதில் பதிவாகியிருக்கிறது. உணர்ச்சி இல்லாத இசைக்கு யாரும் அப்படிக் கத்த மாட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் சரிவு. வானொலிக்கு ஏற்ற பாட்டு வேண்டும், சின்னப் பாட்டு வேண்டும் என்ற நெருக்கடி. 1977-இலும் 1978-இலும் வந்த இரண்டு தட்டுகளில் பாட்டுகளைச் சுருக்கி எளிமையாக்கிப் பார்த்தார்கள். நான் அவர்களை எவ்வளவு நேசித்தாலும் அந்த இரண்டாவது தட்டை முழுதாகக் கேட்க முடிவதில்லை. பழைய ரசிகர் விலகினார், புதியவர் வரவில்லை. 1970-இல் எதை வேண்டாம் என்று உதறிவிட்டுத் தொடங்கினார்களோ அதையே திரும்பத் தேடிப் போனார்கள், அது வரவில்லை. பங்க் காலத்தின் காற்று அதில் கொஞ்சம் இருந்திருக்கும். ஆனாலும் கையில் இருந்ததை அவர்களே கீழே வைத்தார்கள் என்றுதான் சொல்வேன். கடைசித் தட்டு 'சிவிலியன்' 1980-இல் வந்தது. அதே வருஷம் ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸில் கடைசியாக ஒரு தடவை வாசித்துவிட்டு நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு ஜென்டில் ஜெயன்ட் என்ற பெயரில் மேடை ஏறவே இல்லை. பழைய உறுப்பினர் சிலர் வேறு பெயரில் சேர்ந்து வாசித்ததுண்டு. அதே காலத்துக் குழுக்கள் பல பிரிந்து சேர்ந்து, மறுபடி பிரிந்து சேர்ந்து பணம் பார்த்தபோது இவர்கள் அந்தப் பெயரைத் தொடவில்லை. இதற்காக நான் அவர்கள்மேல் வைத்திருக்கும் மரியாதை கொஞ்சம் இல்லை.

டெரெக் இசைத்தட்டு நிறுவனங்களின் உள்ளே போனார். பான் ஜோவி குழுவை ஒப்பந்தம் செய்தவர் அவர். ட்ரீம் தியேட்டர் குழுவையும் அவர்தான் பெரிய நிறுவனத்துக்குக் கொண்டுவந்தார். ரே தயாரிப்பாளரானார். ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் தனியாகப் பாடப் போகும் முன் இருந்த சுகர்க்யூப்ஸ் குழுவின் முதல் தட்டு அவர் கைபட்டது. அந்த ரே 2023 மார்ச்சில் காலமானார். நான் பார்த்த எந்தத் தமிழ்ப் பத்திரிகையிலும் ஒரு வரி வரவில்லை. அதே வருஷம் ஜூலையில் டிராவிஸ் ஸ்காட் என்ற அமெரிக்க ராப் பாடகர் வெளியிட்ட தட்டின் முதல் பாட்டே 'த பவர் அண்ட் த குளோரி' தட்டிலிருந்து வெட்டி எடுத்த துண்டோடு தொடங்குகிறது. என் பேரன் அதைக் கைபேசியில் போட்டுக்கொண்டு வந்தபோது, இது நம்ம ஊர்க்காரர்கள் 1974-இல் வாசித்ததுடா என்று சொல்லிப் பழைய தட்டைப் போட்டுக் காட்டினேன். முழுப் பாட்டையும் உட்கார்ந்து கேட்டான். அப்புறம் திருப்பிப் போடச் சொன்னான்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த ஒரு வரியைத் திருத்தி, ரே ஷுல்மன் பற்றி உங்கள் இணைப்பில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எழுதப்போகிறவர் முதலில் 'ஆக்டபஸ்' தட்டைக் கேட்கட்டும், 1978-இல் தொடங்க வேண்டாம். தட்டு கிடைக்கவில்லை என்றால் என்னுடையதை அனுப்பித் தருகிறேன். அட்டையின் மூலை கிழிந்திருக்கும், முதல் பக்கத்தில் இரண்டு இடத்தில் ஊசி தாண்டும். இரண்டாம் பக்கம் சுத்தமாக இருக்கிறது. நாணயம் சுழல்வது நன்றாகக் கேட்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர்,
போர்ட்ஸ்மத், இங்கிலாந்து