பேஸை விற்காதே, பிக்கப்பை மாற்று

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பரணில் கிடந்த பேஸ் கித்தாரை இறக்கித் தூசி தட்டினாய் என்று படித்ததும் எனக்கு அப்படியொரு சந்தோஷம். அடுத்த வரியிலேயே, “இதை விற்றுவிட்டு நல்லதாக ஒன்று வாங்கிவிடலாமா?” என்று கேட்டுவிட்டாய், அங்கேதான் கோபம் வந்தது. நெக் (கழுத்துக் கட்டை) நேராக இருக்கிறது, அதன் மேல் பதித்த ஃப்ரெட் கம்பிகளும் தேயவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். கையும் அதற்குப் பழகிவிட்டது. ஒலி மட்டும்தான் மந்தம் என்றால் எதற்கடா விற்க வேண்டும்?

என் வீட்டிலும் இதே கதைதான். என்னிடம் இருப்பது ஃபெண்டர் கம்பெனியின் ஜாஸ் பேஸ் மாடலைப் பார்த்துச் செய்த மலிவான ஒன்று. மகள் டிரம்ஸ் கற்றுக்கொள்ள ஆரம்பித்ததிலிருந்து அவளோடு வாசிக்கிறேன். கிக் டிரம் விழும்போது என் நோட்டு எங்கே போனதென்றே தெரியாது. தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் இரண்டைக் குறைந்த விலையில் வாங்கி மாட்டினேன். இப்போது அடித்தந்தி தெளிவாகக் கேட்கிறது, இரண்டு வால்யூமையும் முழுக்கத் திறந்தால் உர்ர் இரைச்சல் அடங்கிவிடுகிறது. மற்றபடி அது பழைய பேஸேதான். நான் எதிர்பார்த்ததும் அவ்வளவுதான், அதனால் திருப்தி.

மலிவு விலையில் நல்ல பிக்கப் எப்படிக் கிடைக்கும் என்று நீ சந்தேகப்படுவாய். உள்ளே பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. காந்தத்தைச் சுற்றி முடியளவு மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருக்கிறார்கள், அவ்வளவே. மேலே தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் அசையும், அந்தக் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கும். சுற்றுவது இயந்திரம்தான் என்பதால், கவனமாகச் செய்யும் யாராலும் ஒழுங்கான பிக்கப்பைக் குறைந்த விலைக்குத் தர முடியும். மலிவான பேஸ்களில் பெரும்பாலும் இரும்புத் துண்டுகளை நிறுத்தி, அடியில் ஒரு செராமிக் காந்தத்தை ஒட்டிவிடுவார்கள். மாற்று பிக்கப்களில் டோன்ரைடர், வில்கின்சன் மாதிரி விலை குறைந்த பெயர்களிலேயே அல்னிகோ 5 என்ற உலோகக் கலவையில் செய்த காந்தத் தண்டுகள் கிடைக்கின்றன. அதற்காகச் செராமிக்கை மட்டம் என்று ஒதுக்கிவிடாதே. கொஞ்சம் முரட்டுத்தனமான, கூர்மையான ஒலி வேண்டுமென்றால் அதுவே பொருத்தம்.

இனி உன் ஆசைக்கு வருகிறேன். அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் மாதிரி மூக்கால் உறுமும் ஒலி வேண்டும் என்கிறாய். எந்த பிக்கப் வாங்கினாலும் அது உன் பேஸில் வராது. அவர் வைத்திருந்தது 1962-ஆம் வருஷத்து ஜாஸ் பேஸ், அதுவும் ஃப்ரெட் இல்லாதது. அந்த ஒலி பிரிட்ஜ், அதாவது தந்தியின் அடிமுனையைத் தாங்கும் பாலம், அதன் பக்கத்து பிக்கப்பிலிருந்து வருவது. உன்னுடையது ஃபெண்டரின் இன்னொரு மாடலான பிரிசிஷன் வகை, நடுவில் இரண்டு துண்டாக ஒரே பிக்கப். தந்தியின் எந்த இடத்துக்குக் கீழே பிக்கப் இருக்கிறதோ அந்த இடத்தின் ஒலிதான் கிடைக்கும், அதை எந்தக் காந்தமும் மாற்றாது. உன்னுடையதன் பலம் வேறு. மோட்டவுன் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்ததும் 1962 பிரிசிஷன்தான். அதில் தடித்த, மேற்பரப்பு வழவழப்பான ஃப்ளாட்வுண்ட் தந்தி போட்டிருந்தார், அறுந்தாலொழிய மாற்ற மாட்டார் என்பார்கள். அந்தப் பக்கம் போனால் உன் பேஸ் உனக்கு ஒத்துழைக்கும்.

அந்த இரண்டு துண்டு அமைப்பு 1957-இல் ஃபெண்டர் கொண்டுவந்தது. ஒரு பாதியின் காந்தமும் சுற்றும் மறுபாதிக்கு நேரெதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக விழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், தந்தியின் ஒலி மட்டும் மிஞ்சும். ஆகவே நீ இரைச்சலுக்காக மாற்ற வேண்டியதில்லை. அப்படியும் இரைந்தால் கிரவுண்ட் கம்பி எங்கோ விட்டிருக்கிறது என்று அர்த்தம், முதலில் அதைப் பார்.

காசு செலவழிக்கும் முன் இன்னொன்றும் செய். புதுத் தந்தி போட்டுவிட்டு பிக்கப்பின் உயரத்தைச் சரிபார். கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டால் பிக்கப்புக்கும் தந்திக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும், தடித்த தந்திப் பக்கம் சற்றுக் கூடுதலாக. ரொம்ப நெருங்கினால் காந்தம் தந்தியை இழுக்கும், சுருதி அலைபாயும். ரொம்ப இறங்கியிருந்தால் நீ சொல்லும் அதே மந்தம்தான். பாதிப் பேர் புது பிக்கப்பின் மகிமை என்று சொல்வது இந்த ஸ்க்ரூடிரைவர் வேலையைத்தான் என்பது என் சந்தேகம்.

அதன் பிறகும் திருப்தியில்லை என்றால் வாங்கு. வாங்கும்போது மின்தடையைச் சொல்லும் கிலோ-ஓம் கணக்கைப் பார்த்து மயங்காதே. பிரிசிஷன் வகைக்குப் பத்துப் பதினொன்று சாதாரணம், ஜாஸ் வகைக்கு ஏழு எட்டு. எண் கூடினால் ஒலி உயர்ந்தது என்று அர்த்தமில்லை. இன்னும் மெல்லிய கம்பியில் சுற்றினாலே அது ஏறிவிடும். சுற்றுகள் கூடக்கூட மேல் ஸ்தாயியின் பளிச்சும் குறையும். பிக்கப்பின் நீள அகலம்தான் முக்கியம். ஜாஸ் வகையில் நெக் பக்கத்து பிக்கப் பிரிட்ஜ் பக்கத்ததைவிடச் சில மில்லிமீட்டர் குட்டை. ஆனால் சில மலிவான பேஸ்களில் இரண்டு குழியும் ஒரே நீளம். அதனால் ஸ்கேல் வைத்து அளந்த பிறகுதான் நான் ஆர்டரே போட்டேன்.

திறந்ததுதான் திறந்தாய், வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பாட்களையும் (மின்தடையைக் கூட்டிக் குறைப்பவை) மாற்றிவிடு. கரகரப்பு பாதி அங்கிருந்துதான் வரும், விலையும் பிக்கப்போடு ஒப்பிட்டால் சொற்பம். 250 கே, அதாவது 250 கிலோ-ஓம், போதும். 500 கே போட்டால் ஒலி இன்னும் பளிச்சென்று இருக்கும், எனக்கு அது விரல் நகம் உரசுகிற மாதிரி. டோனுக்கு 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். அதிலே ‘எண்ணெயில் ஊறிய காகிதம்’ என்று விலையுயர்ந்த ரகங்கள் விற்பார்கள், சாதாரணமானதே போதும்.

சால்டரிங்குக்கு மெல்லிய முனையுள்ள சின்ன அயர்ன் வேண்டாம். அந்த பாட்களின் உலோக முதுகு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், நீ நிமிடக் கணக்கில் பிடித்திருந்தால் உள்ளே கருகிவிடும். 40 வாட்டும் அகலமான முனையும் இருந்தால் தொட்டு எடுக்கலாம். கழற்றும் முன் பழைய இணைப்புகளை ஒரு படம் எடுத்துக்கொள். மாட்டிய பின் முன்பு இல்லாத உர்ர் இரைச்சல் கேட்டால் பயப்படாதே. உன்னுடையதில் ஒரு பாதி தலைகீழாக இணைந்து, இரைச்சல் அழியாமல் கூடுகிறது என்று பொருள். ஒரு பாதியின் இரண்டு கம்பிகளை மட்டும் இடம் மாற்றி ஒட்டு, சரியாகிவிடும்.

நீ கேட்ட கழுத்து வலி இப்போது தேவலை. அகலமான பட்டை போட்டுக்கொண்டு வாசிக்கிறேன், நின்றுகொண்டு ஒரு மணி நேரம் தாங்குகிறது. டிரம்ஸ்காரி ஓய்வு தரமாட்டேன் என்கிறாள், அதுதான் சிக்கல்.

பிக்கப் தட்டைக் கழற்றிக் குழியின் நீள அகலத்தை எழுதி அனுப்பு. உள்ளே பேட்டரி ஏதும் இருந்தால் அதையும் சொல். ஆக்டிவ் பிக்கப் என்றால் பாட்களின் மதிப்பே வேறு, நான் மேலே சொன்ன 250 கே அதற்குப் பொருந்தாது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி