இரவல் கண்ணாடிக்கு ஒரு நன்றி மடல்

எங்கள் திருகோணமலை வட்டாரச் சிறுவர் பூங்காவுக்காக அலைந்து திரிந்த எல்லோருக்கும்,

நேற்றுப் பின்னேரம் உள்ளூராட்சிச் சபை அமர்வு முடிந்து வெளியே வந்தபோது என் கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. சந்தோஷத்தில் என்று சொல்லத்தான் ஆசை. பார்வையாளர் வாங்கில் மூன்று மணி நேரம் அசையாமல் இருந்ததும் காரணமாக இருக்கலாம். வீட்டுக்கு வந்து ஒரு செம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கிழித்தாயிற்று. இது மூன்றாவது.

என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். சங்கிலி அறுந்து பிள்ளை விழுந்த ஊஞ்சல் கதையை நான் மறுபடி சொல்லப்போவதில்லை. பிள்ளையின் கைக்கட்டை அவிழ்த்துவிட்டார்கள், பள்ளிக்கூடம் போகிறாள், அந்தக் கையாலேயே எழுதுகிறாள். அவளுடைய தாய் இப்போதுதான் இரவில் கண் அயர்கிறாராம். அது போதும். வாசலில் சங்கிலி போட்டுப் பூட்டிய மாதங்களையும், பூட்டிய பூங்காவுக்கு அலங்கார வளைவும் நீரூற்றும் வரப்போகின்றன என்று கேள்விப்பட்டு நாம் வாயடைத்து நின்றதையும் விட்டுவிடுகிறேன். நேற்று வளைவும் நீரூற்றும் சபையின் வரவு செலவுத் திட்டமான பாதீட்டிலிருந்து எடுக்கப்பட்டன. மலசலகூடம், மின்விளக்கு, தண்ணீர்க் குழாய் மூன்றும் உள்ளே வந்தன. பராமரிப்புக்கென்று தனி ஒதுக்கீடும் வந்திருக்கிறது, சிறியதுதான். வாசித்தபோது நான் இரண்டு முறை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

இந்த மடலில் பெரும்பங்கு ஒரு மனிதருக்குப் போகிறது. அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. சபைக் கந்தோர் வாசலில் வருகைப் புத்தகத்தோடு இருக்கும் காவலாளி.

வரைவுப் பாதீட்டைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள் என்று அறிந்து நான் போன காலை, மாரி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. குடையை மறக்கவில்லை, கண்ணாடியை மறந்துவிட்டேன். தபால் கந்தோரில் 31 வருடம் சில்லறை எண்ணி ஓய்வு பெற்றவன், கணக்குப் பார்க்கப் போகும் நாளில் கண்ணாடி இல்லாமல் போய் நிற்கிறேன். மேசையோ ஒரு கதவுக்குப் பின்னால், வெளிச்சம் எட்டாத மூலையில் கிடந்தது. எழுத்தோ கடுகு. தாளைக் கை நீளத்துக்கு நீட்டிப் பார்த்தேன், யன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தேன், கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். ஆறும் எட்டும் ஒன்றாகவே தெரிந்தன. சரி, நாளைக்கு வருவோம் என்று புத்தகத்தை மூடினேன். நாளைக்கு வந்திருப்பேனா என்பது சந்தேகம். மழை, முழங்கால், இதனால் என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம், மூன்றும் சேர்ந்து என்னை வீட்டிலேயே இருத்தியிருக்கும்.

அப்போது அவர் எழுந்து வந்தார். சட்டைப் பையிலிருந்து பழைய சாரத் துணியில் தைத்த ஒரு சிறு உறையை எடுத்து, அதற்குள் இருந்த கண்ணாடியை என்னிடம் நீட்டினார். "இதைப் போட்டுப் பாருங்கள் ஐயா. என்னுடைய கண்ணுக்கும் உங்களுடைய வயதுதான்" என்றார். ஒரு பக்கத்துக் கால் முறிந்து செப்புக் கம்பியால் கட்டியிருந்தது. கம்பியின் நுனி காதில் குத்தாதபடி உள்பக்கமாக மடித்துவிடப்பட்டிருந்தது. இடது கண்ணாடியில் குறுக்கே ஒரு கீறல். அதனால் நான் வாசித்த ஒவ்வொரு வரியிலும் ஒரு வெள்ளை மயிர் ஒட்டியிருந்தது. ஆனால் ஆறு ஆறாகவும், எட்டு எட்டாகவும் தெரிந்தன.

ஒன்றேகால் மணி நேரம் வைத்திருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் ஆட்கள் வருவதும் போவதும் கேட்டது. வருகிற ஒவ்வொருவரிடமும் அவர், "பெயரை நீங்களே எழுதிவிடுங்கள், நேரத்தையும் போடுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே அதுதான் வழக்கம் என்று நினைத்தேன்.

பூங்கா வரியைக் கண்டுபிடிக்கப் பாதி நேரம் போயிற்று. முதலில் மூலதனச் செலவுப் பக்கம். வளைவுக்கு ஒரு தொகை, நீரூற்றுக்கு ஒரு தொகை, பூஞ்செடிகளுக்கு ஒரு தொகை. திருகோணமலை மான்களை அறிந்த எவரும் அந்தப் பூஞ்செடி வரியை எழுதியிருக்க மாட்டார். பிரட்ரிக் கோட்டைக்குள் அடங்கி இருக்க அவை என்ன விடுதிப் பிள்ளைகளா? நகருக்குள் இறங்கித் தெருத்தெருவாக உலாவுகிறவை. நட்ட ஒரு கிழமைக்குள் குச்சிதான் மிஞ்சும். பிறகு, வருடாவருடம் திரும்பத் திரும்ப வரும் மீண்டெழும் செலவுப் பக்கத்தைப் புரட்டினேன். பூங்காப் பராமரிப்பு என்று எழுதியிருந்தது. அதற்கு எதிரே, தொகை இருக்கவேண்டிய இடத்தில், ஒரு சிறு கோடு.

கண்ணாடியின் கீறலோ என்று நினைத்தேன். கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துத் திரும்பவும் போட்டுப் பார்த்தேன். தலையை இந்தப் பக்கம் சாய்த்தால் கீறல் கூடவே சாய்ந்தது. கோடு அசையவில்லை.

அந்தக் கோட்டைத்தான் பிறகு நாம் எல்லோரும் தூக்கிக்கொண்டு திரிந்தோம். மனுவில் எழுதியது அதைத்தான், உறுப்பினர்களின் வீட்டு வாசலில் காட்டியதும் அதைத்தான்.

திரும்பும்போது வெளியேறும் நேரத்தை எழுத வருகைப் புத்தகத்தைத் திறந்தேன். காலைப் பதிவுகள் எல்லாம் ஒரே கையெழுத்து, வலப்பக்கம் சரிந்த உருண்டை எழுத்து. 9.40 தொடங்கி ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு கை. ஒன்று சிங்களத்தில், ஒன்று வாசிக்கவே முடியாத கையொப்பம், ஒருவர் நேரம் எழுதவேண்டிய கட்டத்தில் தேசிய அடையாள அட்டை இலக்கத்தை எழுதிவைத்திருக்கிறார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மனிதர் அவ்வளவு நேரமும் தன் வேலையைப் பார்க்கக் கண் இல்லாமல் இருந்திருக்கிறார். ஒரு தடவையாவது வந்து, முடிந்ததா ஐயா என்று கேட்கவில்லை. தொண்டையைக்கூடச் செருமவில்லை.

இங்கே கொஞ்சம் என் எண்ணத்தைச் சொல்லவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டுவதற்குப் பணம் மேலிருந்து வந்துவிடும். மாகாணத்திலிருந்து வரும், அமைச்சிலிருந்து வரும். வந்தால் கல் நாட்டலாம், கல்லில் பெயர் பொறிக்கலாம், திரை விலக்கலாம். கட்டியதைக் காப்பாற்றும் பணத்துக்குச் சபை தன் சொந்தப் பெட்டியைத்தான் திறக்கவேண்டும். சந்தை வாடகை, அனுமதிக் கட்டணம், வீடு வளவுக்கு நாம் கட்டும் சோலைவரி. ஊஞ்சல் சங்கிலிக்குக் கிறீஸ் பூசியதற்கு எவரும் பெயர்ப்பலகை வைப்பதில்லை. நம்முடைய கடற்காற்றில் சங்கிலி முதலில் இற்றுப்போவது கண்ணியும் கண்ணியும் உரசுகிற இடத்தில். வர்ணம் அங்கே ஒரு கிழமையும் தாங்காது. மேலே பளபளவென்று பச்சை அடித்திருக்க, உள்ளே இரும்பு ஈர்க்குப் போல மெலிந்துகொண்டு வரும். ஒட்டுப் பட்டறைத் தம்பி அந்த அறுந்த கண்ணியை நெருப்புப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து காட்டினாரே, அதைப் பார்த்த பிறகு வளைவு வேண்டும் என்று பேச எவருக்கும் வாய் வரவில்லை.

சபையை மட்டும் திட்டிவிட்டுப் போகவும் எனக்கு மனம் வரவில்லை. சோலைவரி என்று பெயரிலாவது ஒரு சோலை இருக்கிறது, நாம் அதற்கு ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றினோமா? முழு வருடத்துக்கும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதம் கழிவு, காலாண்டின் முதல் மாதத்தில் கட்டினால் 5 வீதம். அந்தக் கழிவையும் வேண்டாம் என்று நிலுவை வைத்த வருடங்கள் எனக்கு உண்டு. 2023 மார்ச் 19 அன்று நாடு முழுவதும் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6 தேர்தல் வரை தெரிவான உறுப்பினர் ஒருவரும் இல்லாமல் கிடந்தோமே, அப்போது கேட்க ஆள் இல்லை என்று சாக்குச் சொன்னேன். ஆள் வந்த பிறகும் அந்தச் சாக்கையே கொஞ்ச நாள் போர்த்திக்கொண்டிருந்தேன்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபிக்கவேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதித் தந்து, 14 வேலை நாட்களையும் நாட்காட்டியில் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வந்த சட்ட மாணவிக்கு. பஸ் நிலையத்தில் மழைக்குள் கையெழுத்து வாங்கிய பிள்ளைகளுக்கு. கூட்டம் கூட இடம் தந்த கோவில் பரிபாலன சபையாருக்கும், அடுத்த கூட்டத்துக்குக் கதிரை அனுப்பிய பள்ளிவாசல் நிர்வாகத்தாருக்கும். சிங்கள மொழியில் மனுவைத் திருத்தமாக எழுதித் தந்த பேக்கரி அக்காவுக்கு. பூங்கா வாசலில் கச்சான் விற்கிறவருக்கு, வளைவு வந்தால் அவருடைய வியாபாரம் கூடியிருக்கும், இருந்தும் முதல் கையெழுத்து அவருடையது. கட்சியைப் பார்க்காமல் கை உயர்த்திய உறுப்பினர்களுக்கு, உயர்த்தாவிட்டாலும் எழுந்து போகாமல் கடைசி வரை இருந்து கேட்டவர்களுக்கும். எனக்கு இந்த இரண்டு மாதமும் ஆறிய சாப்பாடு போடாத என் வீட்டுக்காரிக்கு. எல்லோருக்கும் என் நன்றி.

வரும் வருடச் சோலைவரியை ஜனவரிக்குள் கட்டிவிடுவேன். அடுத்த பாதீடு மேசைக்கு வரும் நாளில் அங்கே நிற்பேன். கையில் இரண்டு கண்ணாடி இருக்கும், ஒன்று எனக்கு, மற்றது மறந்துவிட்டு வருகிறவருக்கு. கூடவே நாலு பேர் வந்தால், மேசையைக் கதவுக்கு முன்னால் இழுத்துப் போடச் சொல்லிக் கேட்கலாம். சனிக்கிழமை காலை ஆறரைக்குப் பூங்காவைத் திறக்கிறார்கள். கிறீஸ் தகரம் என் பொறுப்பு. பழைய துணி இருப்பவர்கள் கொண்டுவாருங்கள்.

காவலாளி ஐயாவுக்கு ஒரு செய்தி. இதை உங்களுக்கு யாராவது வாசித்துக் காட்டுவார்கள் என்று நம்புகிறேன். அன்று கண்ணாடியைக் கையில் தந்துவிட்டுப் போனேன். நேற்று அமர்வுக்குப் போவதற்காக அதே சட்டையைப் போட்டபோது பையில் ஏதோ தட்டுப்பட்டது. உங்களுடைய சாரத் துணி உறை. துவைத்து மடித்து மேசையில் வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை கொண்டுவருகிறேன். வருகைப் புத்தகத்தில் என் பெயரை நீங்களே எழுதுங்கள்.