ஆடுகிறவர்களின் கால்களைக் காட்டுங்கள்

எங்கள் ஊர் திரைப்படச் சங்கப் பொறுப்பாளர்களுக்கு, வணக்கம்.

பேசும்படம் வந்த புதிதில் எடுத்த இசை நகைச்சுவைக் குறும்படங்களைச் சென்ற ஞாயிறன்று திரையிட்டீர்கள். இந்த ஊரில் வார்னர் பிரதர்ஸின் அந்த வைட்டஃபோன் படங்களைப் போட வேறு யாருக்கும் தோன்றாது, நன்றி. ஆனால் 'பை, பை, பிளாக்பேர்ட்' ஓடியபோது நடந்தது உங்களுக்கே தெரியும். "சார், காலே தெரியலை" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. படத்தைப் பெரிதாக்கித் திரையை நிரப்பும் ஜூமை எடுக்கச் சொல்லி நானும் கேட்டேன். "திரை முழுக்க வருதே, அப்புறம் என்ன?" என்றீர்கள்.

1932இல் வந்த அந்தப் படத்தில்தான் அமெரிக்க டேப் நடனக் கலைஞர்களான நிக்கலஸ் சகோதரர்கள் முதன்முதலாகச் சினிமாவில் ஆடினார்கள். அண்ணன் ஃபேயார்ட் 1914இல் பிறந்தவர், தம்பி ஹெரால்ட் 1921இல். ஒரு பெரிய 'பை' (pie) பலகாரத்துக்குள் உட்கார்ந்து ஜாஸ் பியானோ கலைஞர் யூபி பிளேக்கின் குழு வாசிக்க, பொடியன் ஹெரால்ட் அண்ணனுக்குச் சளைக்காமல் ஆடுகிறான். டேப் நடனத்தில் ஷூவின் அடியில் இருக்கும் தகடு தரையைத் தட்டுகிற சத்தம்தான் தாளம். எங்களுக்குச் சத்தம் மட்டும் கிடைத்தது. கணுக்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. கடைசியில் வாசிப்பின் சூட்டில் எல்லோரும் எலும்புக்கூடாகிறார்களே, அந்த எலும்புக்கூடுகளுக்கும் பாதம் இல்லை.

அக்காலப் படச் சட்டகத்தின் அகல உயர விகிதம் ஏறக்குறைய 4:3. அதை 16:9 திரையில் நிரப்பினால் உயரத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு வெட்டுப்படும். இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். படத்தை அதன் சட்டகத்திலேயே போடுங்கள்.

டிவிக்காரர்களிடம் சொல்லிப் பயனில்லை. பத்மினி ஆடும்போது சலங்கை மேலேயே நகைக்கடை விளம்பரம் ஓட்டுகிறவர்கள் அவர்கள். ரசனையை வளர்ப்பதாகத் துண்டறிக்கை அச்சடித்த நீங்களுமா? அன்று மேடையில் பொன்னாடை போர்த்திய புகைப்படத்தில் மட்டும் ஒருவர் செருப்பு நுனிகூட விடுபடவில்லை.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: படத்தை அதன் சட்டகத்திலேயே போடுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் அரங்கு நிறையும் முன் புரொஜெக்டரின் ரிமோட்டை எடுத்து 4:3க்கு மாற்றி ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். அன்றே 'பை, பை, பிளாக்பேர்ட்' படத்தையும் மறுபடி போட்டால் நன்றியுடையவனாக இருப்பேன். பத்துப் பதினோரு நிமிடப் படம்தான், வரவேற்புரையைக் கொஞ்சம் சுருக்கினாலே நேரம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர் ஒருவர்