பக்கத்து சீட்டுக்குக் கீழே ஈரம்

திருச்செங்கோடு,
கார்த்திகை 5

கண்ணு,

நல்லபடியாக ஓசூர் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று அம்மா சொன்னாள். நான் போன் செய்தால் இரண்டு வார்த்தையில் “சரிப்பா, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிடுகிறாய். வேலை நேரமாக இருக்கலாம். அதனால்தான் எழுதுகிறேன். மற்றதை எப்போது வேண்டுமானாலும் படி, உன் குவாலிஸ் வண்டியைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் இன்றைக்கே படித்துவிடு.

முதலில் ஒன்று. எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே. உனக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் சொல்கிறேன். அந்த மூடி வெறும் மூடி இல்லை. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் அந்த அழுத்தத்தால் 120 வரை கொதிக்காமல் தாங்குகிறது. நீ திறந்த நொடியில் கொதித்துப் பொங்கி ஆவியோடு முகத்துக்கு வரும். குறைந்தது அரை மணி நேரம் விடு. மேல் ஹோஸைக் கையால் பிடித்துப் பார், சூடில்லாமல் தொளதொளவென்று இருந்தால்தான் திற.

“ரெண்டு நாளைக்கு ஒரு பாட்டில் தண்ணி ஊத்துறேன், கீழே ஒரு சொட்டு கூட இல்லை, லீக்கெல்லாம் இல்லப்பா” என்று தீபாவளியன்று சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. கீழே சொட்டினால் பயமில்லை, கண்ணு. ராத்திரி ஒரு அட்டையை வண்டிக்கு அடியில் விரித்து வைத்தால் காலையில் அதுவே இடத்தைக் காட்டிவிடும். முன்பக்கம் நனைந்திருந்தால் ரேடியேட்டர் அல்லது கீழ் ஹோஸ். பெல்ட்டுக்கு நேர் கீழே என்றால் வாட்டர் பாடி, அதாவது தண்ணீரைச் சுற்றவிடுகிற பம்ப். எஞ்சினுக்குப் பின்னால் என்றால் ஹீட்டருக்குப் போகிற ஹோஸைப் பார்க்க வேண்டும். தரை காய்ந்திருக்கிறது, தண்ணீர் மட்டும் குறைகிறது என்றால்தான் யோசிக்க வேண்டும். அது மூடிய சுற்று. குடத்துத் தண்ணீர் மாதிரி தானாகக் குறையாது. எங்கேயோ போகிறது என்றுதான் அர்த்தம்.

தீபாவளிக்கு மறுநாள் நீ எழுந்திருப்பதற்கு முன்னால், ஐந்து மணிக்கு, சாவியை எடுத்துப் போய் வண்டியைப் பார்த்தேன். உன்னைக் கேட்காமல் எடுத்தேன், கோபித்துக்கொள்ளாதே. ஹெட் கேஸ்கட், அதாவது எஞ்சினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற தகடு, போயிருக்குமோ என்பதுதான் பெரிய பயம். டீசல் எஞ்சினில் காற்றை 20 மடங்குக்கு மேல் நசுக்குகிறது, அத்தனை அழுத்தமும் அந்தத் தகட்டின் மேல்தான். முதலில் ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கை எடுத்தேன். ஆயில் கறுப்பாகத்தான் இருந்தது, பால் கலந்த காப்பி மாதிரி இல்லை. நல்லது. எஞ்சின் பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்திருந்ததால் மூடியைத் திறந்து வைத்தே ஸ்டார்ட் செய்தேன். கேஸ் கசிந்தால் ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வரும். பத்து நிமிடம் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். வரவில்லை. புகைக்குழாயில் கையை வைத்து முகர்ந்தேன். வெள்ளைப் புகையும் இல்லை, இனிப்பு வாடையும் இல்லை. ரேடியேட்டர் ஃபேனை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. வாட்டர் பாடிக்கு அடியில் இருக்கிற சின்ன ஓட்டையைச் சுற்றிக் கறையும் இல்லை.

அப்புறம்தான் இடது பக்கக் கதவைத் திறந்தேன். கால்மிதியைத் தூக்கினால் அடியில் கார்ப்பெட் நனைந்து கிடந்தது. விரலால் தொட்டுத் தேய்த்தேன், எண்ணெய் மாதிரி வழுக்கியது. லேசாகப் பச்சை. முகர்ந்தால் கெட்டுப்போன பாகு வாடை. உள்பக்கக் கண்ணாடியில் விரலால் ஒரு கோடு போட்டேன், பிசுக்காக ஒட்டியது. நீ கேட்டிருந்தால் ஏசி தண்ணீர் என்று சொல்லியிருப்பாய். ஏசி தண்ணீருக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது, காய்ந்தால் தடமே இருக்காது. இது கூலன்ட், எஞ்சினைக் குளிர வைக்க ரேடியேட்டரில் ஊற்றுகிற திரவம். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற ஹீட்டர் கோர், வண்டிக்குள் சூட்டுக் காற்று வர எஞ்சின் தண்ணீர் ஓடுகிற சின்ன ரேடியேட்டர், அதுதான் கசிகிறது. அதனால்தான் தரையில் ஒரு சொட்டும் இல்லை. வண்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, இருபது வருஷம் ஓடிய வண்டி. கூலன்ட்டை மாற்றாமல் விட்டு, போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி உள்ளே அரித்திருக்கிறது. நம் ஊர் போர் தண்ணீரில் துணி வெளுத்தால் சோப்பே நுரைக்காது, அதையா எஞ்சினுக்கு ஊற்றுவது?

அந்தப் பக்கம் ஒருத்தர் உட்கார்ந்திருந்தால் முதல் நாளே கால் நனைந்து தெரிந்திருக்கும். சீட் மேல் உன் ஹெல்மெட்டும், பழைய பேப்பர் கட்டும், காலி தண்ணீர் பாட்டில் நாலைந்தும் இருந்தன. பேப்பரில் தேதி பார்த்தேன். ஆனி மாதத்துப் பேப்பர்.

உன்னை எழுப்பிச் சொல்ல வாசல் வரை வந்தேன். சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். நீ அன்று மதியமே கிளம்பிவிட்டாய், தொப்பூர் மேட்டை அந்த வண்டியோடு ஏறப்போகிறாய் என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தேன். ரேடியேட்டரை நிறைத்துவிட்டு, பின்னால் இரண்டு கேன் தண்ணீர் வைத்தேன், அவ்வளவுதான். வழியில் தர்மபுரியில் நிறுத்தினாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை.

உன் மேல் எங்களுக்கு என்ன குறை? நாற்பது பேர் உன் சொல்லைக் கேட்டு வேலை செய்கிறார்கள் என்று மாமா கடைத்தெருவில் நாலு பேரிடம் சொல்லும்போது நானும் அங்கேதான் நின்றேன். வயிறு நிறைந்துவிட்டது. ஆனால் தொழிற்சாலையில் ஒரு மிஷினில் எண்ணெய் கசிந்தால் நிறுத்திப் பார்ப்பாய் அல்லவா? சொந்த வண்டிக்கு மட்டும் ஏன் பாட்டில் தண்ணீர்?

இன்னொன்று, அதுதான் ஆபத்தானது. தண்ணீர் கொஞ்சம் குறைந்தால் டெம்பரேச்சர் முள் மேலே ஏறிக் காட்டும். சுத்தமாகத் தீர்ந்துவிட்டால் சில நேரம் முள் கீழே இறங்கிவிடும். சென்சாரைச் சுற்றித் தண்ணீரே இல்லை, அது எதை அளக்கும்? எஞ்சின் உள்ளே வெந்துகொண்டிருக்கும், முள் எல்லாம் சரியாக இருக்கிறது என்று காட்டும். அதை நம்பாதே. நீ போனில் “நல்லா இருக்கேன்பா, எல்லாம் நல்லா இருக்கு” என்று சொல்லும்போது எனக்கு அந்த முள்தான் ஞாபகம் வருகிறது.

மஞ்சள் தூள் போடச் சொல்வார்கள், லீக்கை அடைக்கிற பொடி ஒன்றும் கடையில் விற்கிறது. இரண்டும் வேண்டாம். ஓட்டையை அடைப்பதற்கு முன்னால் ரேடியேட்டரின் நல்ல குழாய்களை அடைத்துவிடும். எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்கிறவனிடமும் வண்டியைக் கொடுக்காதே. எஞ்சின் சூடேறாமலே ஓடும், டீசல் குடிக்கும்.

கொல்லிமலை ஞாபகம் இருக்கிறதா? உனக்கு மறந்திருக்காது. எனக்கும் மறக்கவில்லை. இத்தனை வருஷம் அந்தப் பேச்சை வீட்டில் எடுக்கவே விடாமல் பார்த்துக்கொண்டேன்.

நீ ஏழாவது படித்தாய். ஆடிப் பதினெட்டுக்கு அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு நம் மெட்டடார் வேனில் போனோம். காரவள்ளியில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவு, வண்டி நிறைய ஆள். நாற்பதாவது வளைவு தாண்டியதும் கொதித்துவிட்டது. எல்லோரும் இறங்கி நின்றார்கள். அவசரத்தில் ஓடையிலிருந்து குளிர்ந்த தண்ணீரை மொண்டு வந்து கொதிக்கிற எஞ்சினில் ஊற்றினேன். டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது. ஹெட் விரிசல் விட்டுவிட்டது. அத்தனை பேருக்கு முன்னால் உன் கன்னத்தில் அறைந்தேன். “மூடியைச் சரியா மூடினியாடா” என்று கேட்டேன். ஊரெல்லாம் அப்படித்தான் சொன்னேன், பையன் மூடியை மூடவில்லை என்று. உன் அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன்.

நீ மூடியிருந்தாய், கண்ணு. எனக்கு அப்போதே தெரியும். காலையில் பக்கெட் மேல் ஏறி நின்று, இரண்டு கையாலும் அழுத்தித் திருகி, “டைட்டா மூடிட்டேன்பா” என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். வாட்டர் பாடி பதினைந்து நாளாகக் கசிந்துகொண்டிருந்தது. அந்தச் சின்ன ஓட்டையிலிருந்து சொட்டுவதை நான் பார்த்திருந்தேன். ஆடி மாதம், தினமும் வாடகை வருகிறது, ஒரு நாள் வண்டியை நிறுத்தினால் காசு போகும் என்று தினமும் ஒரு குடம் ஊற்றி ஓட்டினேன். அந்தக் குடத்தைத் தூக்கி வந்து கொடுத்தவன் நீ. அம்மாவின் மூன்று பவுன் சங்கிலி அந்த ஹெட்டுக்குப் போனது. தப்பு என்னுடையது. இருபது வருஷமாக உன் பெயரில் கிடக்கிறது. அதற்கப்புறம் நீ ஒரு நாளும் வண்டிப் பக்கம் வரவில்லை. என்னிடம் எதையும் வந்து சொல்லவும் இல்லை. காய்ச்சல் என்றாலும் அம்மாவிடம்தான் சொல்வாய். அதை நான் உன் சுபாவம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அம்மாவிடம் நேற்று ராத்திரி உண்மையைச் சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், “அவனுக்கு எழுதுங்க” என்றாள்.

சனிக்கிழமை நான் பஸ்ஸில் வருகிறேன். வண்டியை அதுவரை எடுக்காதே, கம்பெனி பஸ்ஸில் போ. ஹீட்டர் கோரை மாற்ற டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும், முழு நாள் வேலை, அதை அங்கே ஒரு நல்ல பட்டறையில் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு எஞ்சின் பக்கம் ஹீட்டருக்குப் போகிற இரண்டு ஹோஸையும் கழற்றி, ஒன்றோடு ஒன்று சேர்த்து கிளிப் போட்டுவிட்டால் ஹீட்டருக்குத் தண்ணீர் போகாது, வண்டி தாராளமாக ஓடும். கிளிப்பும் ஜாயின்ட் பைப்பும் வாங்கிவிட்டேன். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், மூடி மூன்றும் புதிதாகவே போட்டுவிடலாம். நீ கூலன்ட்டும், அதே அளவு பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரும் வாங்கி வை. பழையதை முழுக்க வடித்துவிட்டு, இரண்டையும் சரிபாதி கலந்து மெதுவாக ஊற்றி, மூடி திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டு, குமிழி நிற்கும் வரை காற்றை எடுக்க வேண்டும். வடித்த தண்ணீரைச் சாக்கடையில் விடாதே, வெளியிலும் திறந்து வைக்காதே. இனிப்பாக இருப்பதால் தெருநாய் நக்கிக் குடித்துச் செத்துப்போகும். கேனில் பிடித்து மூடி வை. பட்டறையில் கொடுத்துவிடலாம்.

நான் வருவதற்கு முன்னால் ஆர்வத்தில் நீயே எதையாவது கழற்றாதே. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதே.

தீபாவளிக்கு மருமகள் அம்மிணிக்கு எடுத்த புடவை பீரோவில்தான் இருக்கிறது. கொடுத்துவிடட்டுமா என்று அம்மா கேட்கிறாள். பையில் வைத்துக் கொண்டுவருகிறேன், இடத்தை அடைக்காது.

கால்மிதியைக் கழுவி வெயிலில் போடு. கார்ப்பெட் காயும்வரை நாலு கதவையும் திறந்து வை. சீட் மேலிருக்கிற பேப்பரையும் ஹெல்மெட்டையும் வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடு. வேலை முடிந்ததும் ஒரு நீள ஓட்டம் ஓட்டிப் பார்த்தால்தான் கசிவு நின்றதா என்று தெரியும். தர்மபுரி வரை போகலாம், சுமார் 90 கிலோமீட்டர், சரியான தூரம். போகும்போது நான் முன்னால் உட்காருகிறேன். வரும்போது பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன்.

அப்பா