கை மாறிய பணம்

ஐயா,

வங்கியில் கட்டிய பணம் வேறொருவர் கணக்குக்குப் போய்விடுவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். கணக்கு எண்ணை இருமுறை சரிபாருங்கள் என்று வாடிக்கையாளருக்கு மட்டும் அறிவுரை சொல்லியிருந்தார்கள். சரி, கவுன்டரில் இருப்பவர் தப்பாக அடித்தால்? கொப்பரை விற்ற 42,000 ரூபாயைக் காங்கேயத்தில் ஒரு வங்கிக் கிளையில் கட்டினேன். சலானில் நான் எழுதிய எண் சரி. கணினியில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறிவிட்டன. பணம் யாரோ ஒருவர் கணக்கில் விழுந்தது. அவர் சம்மதித்தால்தான் எடுக்க முடியும் என்று 19 நாள் அலையவிட்டார்கள். முத்திரை குத்திய அடிச்சீட்டு சட்டைப்பையில் கிடந்ததால் தப்பித்தேன். அதுவும் வேர்வையில் பாதி அழிந்திருந்தது. தவறு வங்கியுடையது என்றால், மீட்டுத் தரும் பொறுப்பும் அலைச்சலும் வங்கியுடையதாகத்தானே இருக்க வேண்டும்?

நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் என்ற மின்னணுப் பணப் பரிமாற்ற முறைகள் வழியாக அனுப்புவோர் பெறுபவரின் பெயரைப் பார்த்துக்கொள்ளும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. கவுன்டரில் ரொக்கம் கட்டும் விவசாயிக்கும் அதேபோல, பதிவை முடிக்கும் முன் கணக்குக்காரர் பெயரைப் படித்துக் காட்டட்டும். அப்புறம், புகார் மனுவைத் தேதி முத்திரையுடன் வாங்கிக்கொள்ளட்டும். 30 நாளில் வங்கியிடமிருந்து பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கையில் தேதி இல்லாவிட்டால் அந்த 30 நாளை எங்கிருந்து எண்ணுவது?

ஒரு தென்னை விவசாயி,
காங்கேயம் வட்டம்.